18 முடிந்ததும் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுப்பது?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு வாசகர், 2 ஜூன் 2024

கிழக்குப் புறநகரில் உள்ள ஒரு பெண் குழந்தைகள் இல்லத்துக்கு எங்கள் சங்கத்தார் பத்து வருடமாக அரிசி, பருப்பு கொடுத்துவருகிறோம். அடுத்த ஆண்டு அங்கே ஆறு பெண்களுக்கு 18 வயது முடிகிறது. அதற்கு முன் 30 நாள் பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்று தீர்மானித்திருக்கிறோம்: சமையல், வங்கிக் கணக்கு, ஆங்கிலப் பேச்சு, நேர்முகத் தேர்வு. முடிவில் ஆளுக்கு ஒரு குக்கர், ஒரு பெட்டி, இரண்டு செட் துணி. இது போதும் என்பது என் கருத்து. நானும் பதினெட்டு வயதில் தூத்துக்குடியிலிருந்து ஒரு பையோடு வந்து தாதரில் இறங்கியவன்தான். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

2 ஜூன் 2024, இரவு

குக்கரை இப்போதே வாங்கிவிடாதீர்கள். அவர்கள் போய்த் தங்கும் இடத்தில் அடுப்பு வைக்க அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். செம்பூரில் நான் ஏறி இறங்கிய பெண்கள் விடுதிகளில் பலவற்றில் தண்ணீர் காய்ச்சும் கெட்டில்கூட வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் நாங்களும் ஐந்து பேருக்குக் குக்கர் கொடுத்தோம். ஒன்றுதான் அடுப்பில் ஏறியது. மற்ற நான்கும் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியோடு இருக்கின்றன.

ஒரு பையோடு வந்து தாதரில் இறங்கினேன் என்கிறீர்கள். இறங்கி யார் வீட்டுக்குப் போனீர்கள்? அதைச் சொல்லுங்கள். பிறகு பாடத்திட்டம் பேசலாம்.

3 ஜூன் 2024

நேற்று எழுதியது கொஞ்சம் கடுமையாக இருந்தது. கேள்வியைப் பார்த்ததும் மனது பொறுக்காமல் எழுதிவிட்டேன். நான் யார் என்றும் சொல்லவில்லை. ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 2014 முதல் சனிக்கிழமைகளில் செம்பூர் பக்கத்து இல்லம் ஒன்றுக்குப் போய்வருகிறேன். முதலில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் போனேன். அங்கிருந்து வெளியே வந்த பெண்களில் ஒன்பது பேர் இன்று வரை என்னோடு தொடர்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பெயர்கள் எழுத மாட்டேன்.

சமையல் வகுப்பு என்றதும் ஒரு பெண்ணின் நினைவு வந்தது. இல்லத்துச் சமையலறையில் மாவ்ஷிகளுக்கு (அங்கே பராமரிக்கும் பெண்களைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மராத்தியில் சித்தி) நான்கு வருடம் கூடமாட உதவியவள். வெங்காயம் நறுக்குவதில் என்னைவிட வேகம். திலக் நகரில் இரண்டு பெண்களோடு அறை எடுத்த முதல் வாரம் என்னைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி?" என்று கேட்டாள். அரை டம்ளர் போடு என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "அவ்வளவுதானா?" என்றாள். அறுபது பேருக்கு எத்தனை படி என்பது அவளுக்குத் தெரியும். உப்பு எத்தனை கை என்பது தெரியும். தனக்கு மட்டும் என்று அவள் ஒருநாளும் உலை வைத்ததில்லை.

அதே அறைக்கு ஒரு மாதம் கழித்துப் போனேன். மாலை ஏழு மணி. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கூட இருந்த இருவரும் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

"சாவி இல்லையா?"

"இருக்கிறது அக்கா." கையிலேயே வைத்திருந்தாள். சிவப்பு நூல் கட்டிய பித்தளைச் சாவி.

"பிறகு ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறாய்?"

"உள்ளே யாரும் இல்லையே."

பதினோரு வருடம் நாற்பது பேரோடு ஒரே கூடத்தில் படுத்து எழுந்தவள். ஆளில்லாத அறைக்குள் தனியாக நுழைந்து விளக்குப் போடுவது அவளுக்குப் புதிது. இதை எந்தப் பாடத்திட்டத்தில் எத்தனையாவது நாளில் வைப்பது?

5 ஜூன் 2024

சட்டம் என்ன சொல்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு இதற்கானது. 18 முடித்து இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளைக்கு, சமூகத்தோடு மீண்டும் ஒன்றிணைவதற்காகப் பண உதவி "அளிக்கப்படலாம்" என்று இருக்கிறது. லாம். அந்த ஒரு விகுதியில்தான் இவர்கள் வாழ்க்கை தொங்குகிறது. "அளிக்கப்பட வேண்டும்" என்று எழுதியிருந்தால் நானும் நீங்களும் இவ்வளவு அலைய வேண்டியிருக்காது. 2016-இல் வந்த மாதிரி விதிகள் பிற்காப்பை, அதாவது இல்லத்தை விட்டுப் போன பிறகும் தரும் உதவியை, 21 வயது வரையிலும், தனிப்பட்ட காரணம் இருந்தால் 23 வரையிலும் நீட்டிக்க இடம் கொடுக்கின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். விண்ணப்பம் குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போக வேண்டும்.

போன வருடம் நாங்கள் தேடியபோது செம்பூரில் நான்கு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு 6,500 கேட்டார்கள். சாப்பாடு தனி.

ஆனாலும் அந்த 4,000-ஐ விட்டுவிடாதீர்கள். இல்லத்தில் இருக்கும்போதே எழுதிக் கொடுக்க வைத்துவிடுங்கள். கோப்பு அங்கே இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிக்குப் பிள்ளையின் முகம் தெரியும். வெளியே வந்து ஆறு மாதம் கழித்துப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

6 ஜூன் 2024

பத்து லட்சம் ரூபாய் எல்லாருக்கும் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கிடைக்காது. அது பிஎம் கேர்ஸ் குழந்தைகள் திட்டம். 11 மார்ச் 2020 முதல் 5 மே 2023 வரை கோவிட் தொற்றால் தாய், தந்தை இருவரையுமோ, எஞ்சியிருந்த ஒருவரையோ, சட்டப்படியான காப்பாளரையோ இழந்த பிள்ளைகளுக்கு மட்டும். 23 வயதில் அந்தத் தொகை கைக்கு வரும். அதற்கு முன்பும் பின்பும் பெற்றோரை இழந்தவர்கள் இதில் சேர மாட்டார்கள். ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இதை விளக்க நேர்ந்தது. ஏன் என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

9 ஜூன் 2024, ஞாயிறு

மழை தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தோடு வேறொன்று நினைவுக்கு வந்தது.

இல்லத்துப் பதிவேட்டைப் பார்த்தால் பிறந்தநாள்களில் 1 ஜூன் வரிசையாக நிற்கும். எங்கள் இல்லத்தில் ஒரு வருடம் ஒன்பது பேருக்கு அதே தேதி. பிறந்த தேதி தெரியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது யாரோ போட்ட தேதி அது. பள்ளி திறக்கும் மாதம், எழுதவும் எளிது. பிறகு பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிடுகிறது. சட்டத்தின் 94-ஆவது பிரிவும் வயதுக்கு முதலில் பள்ளிச் சான்றிதழைத்தான் பார்க்கச் சொல்கிறது. அதனால் அந்தப் பேனா போட்ட தேதியில் இவர்களுக்குச் சட்டப்படி 18 முடிந்துவிடுகிறது.

1 ஜூனில் வெளியே வருவது என்றால் என்ன? பன்னிரண்டாம் வகுப்பு முடிவு அப்போதுதான் வந்திருக்கும். கல்லூரியில் இடம் கிடைத்திருக்காது, வேலையும் இருக்காது. ஒரு வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். இந்த ஊரில் மழைக்காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை தேடியவர்களுக்குத் தெரியும்.

உங்கள் ஆறு பேருக்கும் தேதி என்ன என்று பாருங்கள்.

10 ஜூன் 2024

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். இல்லம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார்: 18 முடிந்த அன்றே பெட்டியை வெளியே வைப்பதில்லை, தேர்வு முடியும் வரை, கல்லூரி சேரும் வரை வைத்துக்கொண்டவர்கள் உண்டு, அதற்குக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு உத்தரவு வாங்கலாம். உண்மைதான். நானும் அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் ஒரே தராசில் வைத்து எழுதியது தவறு.

ஆனால் அம்மா, அந்த உத்தரவைக் கேட்டு வாங்க ஒருவர் நடக்க வேண்டும் இல்லையா? உங்களைப் போன்றவர் இருந்த இல்லத்தில் அது நடந்தது.

23 ஜூன் 2024

அடுத்து, சான்றிதழ், அடையாள அட்டை போன்ற தாள்களைப் பற்றி. 30 நாளில் பத்து நாளை இதற்கே ஒதுக்குங்கள். ஆங்கிலப் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆதார் இருக்கும், ஆனால் முகவரி இல்லத்து முகவரியாக இருக்கும். வெளியே போனதும் மாற்ற வேண்டும். 15 வயதில் கைரேகை புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் முதல் வேலைக்குச் சேரும் நாளில் விரல் பதியாமல் நிற்பாள். சிறார் பெயரில் தொடங்கிய வங்கிக் கணக்கு 18-இல் தானாக மாறாது. புதிய கையெழுத்து, புதிய படம், புதிய விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கணக்கில் காப்பாளராக இருந்தவர் மாற்றலாகிப் போயிருந்தால் இன்னும் சிக்கல். ஒரு பெண்ணின் 11,000 ரூபாயை எடுக்க ஒரு வங்கிக் கிளைக்கு ஐந்து முறை நடந்தோம். பாஸ்போர்ட் எளிதாகிவிட்டது. பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ நீதிமன்ற உத்தரவோ இல்லாத பிள்ளைக்கு, இல்லத்தின் தலைவர் தம் கடிதத்தாளில் பிறந்த தேதியை உறுதிசெய்து கொடுத்தால் போதும் என்று 2016 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். பான் அட்டையில் தந்தை பெயர் கட்டாயம் என்பதைத் தாய் தனியாக வளர்த்த பிள்ளைகளுக்காக 2018-இல் தளர்த்தினார்கள். தாயும் தந்தையும் யாரென்றே தெரியாதவளுக்கு அந்தக் கட்டம் இன்னும் கட்டமாகத்தான் நிற்கிறது.

மகாராஷ்டிராவில் இருப்பவர்கள் மறக்கவே கூடாதது ஒன்று. பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் ஒரு சதவீத இடஒதுக்கீடு 2018 முதல் இங்கே உண்டு. அதற்குப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் சான்றிதழ் வேண்டும். இல்லத்தில் இருக்கும்போதே வாங்குங்கள். குடியிருப்புச் சான்றுக்குப் பதினைந்து வருடம் இந்த மாநிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். எங்கே இருந்தாள் என்பதற்குச் சாட்சி இல்லத்துப் பதிவேடு ஒன்றுதான். நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் கையில் கொடுங்கள். இரண்டு செட் துணியைவிட அது உதவும்.

அறை எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே 11 மாத ஒப்பந்தம், பதிவு செய்தாக வேண்டும், இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். வாடகைக்கு வருபவரின் விவரத்தைப் போலீஸில் கொடுக்க வேண்டும். விடுதி என்றால் 'உள்ளூர்க் காப்பாளர்' என்று ஒரு வரி. வேலை விண்ணப்பத்தில் 'அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது'. ஆஸ்பத்திரியில் 'உடன் வந்தவர்'. பதினெட்டு முடிந்தவள் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம், ஆனாலும் கேட்கிறார்கள். அவளிடம் பேனா இருக்கிறது, எழுதப் பெயர் இல்லை.

9 ஜூலை 2024

நேற்றைய மழை எல்லாருக்கும் தெரியும். விடியற்காலை ஒரு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய இடங்கள் உண்டு. தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றது.

அரிசி கேட்ட அந்தப் பெண் காட்கோபரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நடந்தும் ஆட்டோவில் தொற்றியும் பதினொரு மணிக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். பாவாடை விளிம்பெல்லாம் சேறு. வந்து சேர்ந்த ஏழு பேருக்கும் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்ததாம். எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, இன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் என்ன, திரும்பி வா என்று ஆளுக்கு ஆள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவளும் தன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, சரி அம்மா, சரி அம்மா என்று இரண்டு தடவை சொன்னாளாம்.

மாலையில் அவளே இதைச் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் நேற்றுக் காலை புனேயில் இருக்கும் என் மகனுக்கு இரண்டு முறை போன் செய்தேன். அங்கே பெரிய மழைகூட இல்லை. பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் இவளைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. பத்து வருடமாகப் போய்வருகிறேன் என்று இங்கே எழுதியவள் நான்.

14 ஜூலை 2024

தூத்துக்குடி அண்ணன் என் முதல் கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதியிருக்கிறார். தாதரில் இறங்கித் தாராவியில் இருந்த அத்தை மகன் வீட்டுக்குப் போனாராம். பத்துக்குப் பத்து அறை, அதில் ஏற்கெனவே ஆறு பேர். நான்கு மாதம் காசு வாங்காமல் சோறு போட்டார்கள். முதல் வேலை அத்தை மகனின் முதலாளியிடம். முதல் மாதச் சம்பளத்தில் பாதியைத் தொலைத்தபோது அந்த வீட்டு அக்காள் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாராம். "அந்த வீட்டை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்" என்று முடித்திருக்கிறார். நன்றி அண்ணா. இவ்வளவு திறந்த மனதோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நம் ஆட்கள் இந்த ஊருக்கு வந்த கதை எல்லாமே இப்படித்தான். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்களும் சரி, மாட்டுங்காவுக்கு வந்தவர்களும் சரி, ஒரு சீட்டில் எழுதிய முகவரியோடு வந்தார்கள். அந்தச் சீட்டுத்தான் இந்தப் பெண்களுக்கு இல்லை.

அதனால் என் யோசனை இது. ஆறு பெண்களுக்கு ஆறு வீடு பிடியுங்கள். பணம் வேண்டாம். போன் செய்தால் எடுக்க வேண்டும், படிவத்தில் பெயர் எழுத அனுமதிக்க வேண்டும், பண்டிகைக்குக் கூப்பிட வேண்டும்.

15 ஜூலை 2024

டோம்பிவிலியிலிருந்து எழுதிய அக்கா என் யோசனையைக் கண்டித்திருக்கிறார். பதினெட்டு வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத வீட்டோடு கோத்துவிடுவது எவ்வளவு ஆபத்து, உதவி என்ற பெயரில் வீட்டுவேலைக்கு வைத்துக்கொண்டவர்களைத் தெரியாதா என்று கேட்கிறார். அவர் கேட்டது முழுக்க நியாயம். எனக்கும் அப்படி ஒரு வீடு தெரியும். கல்லூரிக்கு அனுப்புகிறோம் என்று அழைத்துப் போய், இரண்டு வருடம் குழந்தை பார்த்துக்கொள்ள வைத்தார்கள். சம்பளமும் இல்லை, படிப்பும் இல்லை.

திருத்திக்கொள்கிறேன். தங்க வைக்க வேண்டாம். எல்லாம் இல்லத்துக்கும் பாதுகாப்பு அலகுக்கும் தெரிந்து நடக்க வேண்டும், போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், வீட்டில் பெண்கள் இருக்க வேண்டும், முதல் ஆறு மாதம் இல்லத்திலேயே வந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண்ணுக்குப் பிடிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது என்பதை அவளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் கிடையாது. கொடுத்த துணி, போட்ட சோறு, சொன்ன நேரம்.

இதோடு சேர்ந்ததுதான் கல்யாணமும். "நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறேன். யாருமற்ற பெண் என்றால் கேள்வி கேட்க ஆளில்லை என்று தெரிந்தே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சண்டை வந்தால் திரும்பிப் போக அம்மா வீடு இல்லாத பெண்ணை, பத்தொன்பது வயதில், இரண்டே முறை பார்த்த ஆளோடு அனுப்பிவைப்பதைப் பயிற்சியின் நிறைவு விழா மாதிரிக் கொண்டாடாதீர்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. மறைக்கவில்லை.

11 ஆகஸ்ட் 2024

"அநாதை" என்று எழுதலாமா கூடாதா என்ற விவாதம் எழுபது பதிவுகளைத் தாண்டிவிட்டது. என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே அரசுச் சான்றிதழில் "அனாத்" என்றுதான் இருக்கும், அதை மாற்ற முடியாது. பேசும்போது அந்தப் பெண்கள் தங்களை "சம்ஸ்தாவில் வளர்ந்தவர்கள்" (சம்ஸ்தா என்றால் நிறுவனம்) என்று சொல்லிக்கொள்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, இல்லத்தில் இருப்பவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். குடி, சிறை, மனநோய், இரண்டாம் கல்யாணம் என்று ஆளுக்கொரு காரணம். 18 முடிந்ததும் சிலர் அவர்களைத் தேடிப் போவார்கள். தடுக்காதீர்கள், கூடப் போங்கள்.

8 செப்டம்பர் 2024

சமையல் வகுப்பைப் பற்றி ஜூனில் நான் எழுதியதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அண்ணன் சங்கத்தார் வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிறுதோறும், ஆறு மாதத்துக்கு. 30 நாளில் அடைக்கும் எண்ணத்தைக் கைவிட்டது நல்லது. இன்று நானும் போனேன். சமையலைச் சங்கக் கூடத்தில் நடத்தாமல் ஒரு வீட்டு அடுக்களையில் வைத்திருக்கிறார்கள். இரண்டு இரண்டு பேராகப் போய், முதலில் கடைக்கு நடந்து, கையில் 200 ரூபாயோடு என்ன வாங்குவது என்று தாங்களே முடிவு செய்து, வாங்கி வந்து சமைத்து, அந்த வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருத்தி காய்க்காரரிடம் விலை கேட்கக் கூச்சப்பட்டுக் கடையை மூன்று தடவை சுற்றினாள். நான்காவது தடவை கேட்டாள். கால் கிலோ வெண்டைக்காய், 25 ரூபாய். வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

குழம்பில் உப்பு கூடிவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சரிசெய்தார். "என் கல்யாணமான புதிதில் இதைவிடக் கரித்தது" என்றார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இல்லத்தில் உப்பு கூடினால் அறுபது பேரின் சாப்பாடு வீண், திட்டு விழும். இங்கே ஒரு கதை கிடைத்தது.

இப்படியென்றால் சமையல் வகுப்பு இருக்கட்டும்.

3 நவம்பர் 2024

தீபாவளிக்கு விடுதியில் மெஸ்ஸை ஐந்து நாள் மூடிவிட்டார்கள். எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்ற எண்ணத்தில்தான். எங்கள் பெண்களில் இருவர் அங்கேயே இருந்தார்கள். ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டவர்களிடம் ஒருத்தி ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த முறை நான் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். வந்தார்கள். என் அம்மாவின் ஊர் வழக்கப்படி விடியற்காலை எண்ணெய் வைத்து உட்கார வைத்தேன். அவர்களில் ஒருத்தியின் அம்மா தாராவித் தமிழ்ப் பெண் என்பது பதிவேட்டில் இருக்கிறது. இவளுக்குத் தமிழ் தெரியாது, என்னைத் "தாயி" (அக்கா) என்று மராத்தியில்தான் கூப்பிடுவாள். எண்ணெய் கண்ணில் வழிந்ததும் "போதும், போதும்" என்றாள். எங்கே கற்றாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

21 நவம்பர் 2024

நேற்றுத் தேர்தல். துணிக்கடைப் பெண் வாக்களித்துவிட்டு மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பினாள். வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் படிவம் 6-இல் உறவினர் பெயர் கேட்கும் இடத்தில் பெற்றோர் இல்லாதவர் சட்டப்படியான காப்பாளர் பெயரை எழுதலாம் என்று அச்சடித்தே இருக்கிறது. உங்கள் வகுப்பில் இதைச் செய்யுங்கள்.

அவள் கடையில் வருங்கால வைப்பு நிதியும் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாமினி யார் என்று எழுதச் சொன்னார்கள். தன்னோடு இல்லத்தில் வளர்ந்த தோழியின் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் "தோழி" என்று போட்டிருக்கிறாள். அலுவலகப் பையன் திருப்பிக் கொடுத்துவிட்டான், உறவினர் பெயர்தான் எழுத வேண்டும் என்று. என்னிடம் வந்தாள். விதியை எடுத்துப் பார்த்தோம். குடும்பம் என்று விதி சொல்லும் யாரும் இல்லாதவர், தாம் விரும்பும் எவரையும் நியமிக்கலாம். கல்யாணம் ஆனால் அது செல்லாது, புதிதாக எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தத் தோழிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அவள் படிவத்தில் இவள் பெயர்.

24 நவம்பர் 2024

ஆறு பெண்களில் நால்வருக்கு வீடு அமைந்துவிட்டது. சரிபார்ப்பு முடிந்தது, அவர்களும் போய்ப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒன்று தூத்துக்குடி அண்ணன் வீடு. அந்தப் பெண் முதலில் அண்ணி இருந்தால்தான் வருவேன் என்றாளாம், அண்ணி இருந்தார். குக்கர் வாங்க ஒதுக்கிய பணத்தை ஆறு பேரின் அறை டெபாசிட்டுக்கு எடுத்துவைத்திருக்கிறார்கள்.

மீதி இருவரில் ஒருத்தி செவிலியர் உதவியாளர் பயிற்சியில் சேரப்போகிறாள், இரவுப் பணி இருக்கும். பத்து மணிக்கு மேல் போன் அடித்தாலும் எடுக்கிறவர் வேண்டும். மற்றவளுக்குத் தமிழ் வராது, மராத்தியும் இந்தியும்தான். கூச்சம் அதிகம், முதல் நான்கைந்து சந்திப்பில் பேசவே மாட்டாள். சயான், மாட்டுங்கா, செம்பூர், ஆன்டாப் ஹில் பக்கம் இருப்பவர்கள், குறைந்தது மூன்று வருடம் இந்த ஊரை விட்டுப் போக மாட்டீர்கள் என்றால், அண்ணனுக்கு எழுதுங்கள். இல்லத்தில் அடுத்த சந்திப்பு டிசம்பர் 7, சனிக்கிழமை, மாலை 4 மணி.